கல்லுக்கு யார் காவல்?

திருமயம் பக்கத்துக் கண்மாய் ஒன்று. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கல் காணாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கு.

சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இரண்டு கல்தூண்கள், குறுக்கே இரண்டு பலகைக்கற்கள். குமிழி என்பார்கள். நீந்திப் போய் அடைப்பைத் தூக்கினால், தரைக்குள் ஓடும் கல்வாய்க்கால் வழியே தண்ணீர் கரைக்கு அந்தப் பக்கம் போய் வயலில் விழும். சேற்றுக்குத் தனித் துளை, நீருக்குத் தனித் துளை. கண்மாய் தூர்ந்து போகாமல் இருக்க ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கண்ட வழி அது. தூணில் காய்ந்திருந்த பாசியைத் தேய்த்தேன். விரலுக்கு எழுத்து தட்டுப்பட்டது. குமிழியைச் செய்து வைத்தவரின் பெயர். ராஜா இல்லை, ஊர்க்காரர் யாரோ.

இரண்டு மைல் தள்ளி இன்னொரு கண்மாய். அங்கேயும் இப்படி ஒரு தூண் இருந்திருக்கிறது. தூர்வார வந்த பொக்லைன் புரட்டிப் போட, இப்போது கரைமேல் துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கிறது. எழுத்துள்ள முகம் மேலே. சோப்பு நுரை வழியும்போது எழுத்துகள் இன்னும் நன்றாகத் தெரிகின்றன. எத்தனை நாளைக்கு?

மாவட்ட வரலாறும் அரசு நிதியும் என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். எங்கே போய்த் தொடங்கினாலும் அந்தத் துவைகல்லுக்கே திரும்பி வந்துவிடுகிறேன்.

திருமயம் இருக்கிற புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. சமஸ்தானமாக இருந்த காலத்திலும் பெரிய வருமானம் கிடையாது. ஆனாலும் 1910-இல் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். 1916-இல் சமஸ்தானத்தின் பொது வரலாறு புத்தகமாக வந்தது. 1929-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளை ஊர் ஊராகப் படியெடுத்து அச்சிட்டார்கள். 1938-இலிருந்து 1944 வரை கையேடு, பகுதி பகுதியாக. இன்றைக்கும் இந்த மாவட்டத்தைப் பற்றி எழுத உட்காருகிற யாரும் அந்தப் புத்தகங்களைப் புரட்டாமல் ஒரு வரி எழுத முடியாது. மன்னராட்சிக்காக ஏங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கஜானாவும் குடியானவன் வரிப்பணம்தான். அந்தப் பணத்தில் ஒரு பங்கு, அவன் ஊர்க் கல்லைப் படிக்கத் திரும்பி வந்தது என்பதைத்தான் சொல்கிறேன். 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974-இல் தனி மாவட்டம் ஆனது.

இன்றைக்குப் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. 2025-26 மாநில பட்ஜெட்டில் அகழாய்வுகளுக்கு மட்டும் 7 கோடி ரூபாய். கீழடி அருங்காட்சியகம் 18 கோடிக்கு மேல் செலவில் எழுந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். எங்கள் பொற்பனைக்கோட்டையிலும் 2023-இல் மாநில அரசு அகழாய்வு செய்தது. சங்க காலக் கோட்டைச் சுவர், மணிகள், சிறு தங்க அணி எல்லாம் வெளியே வந்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று நானும் நாலு பேருக்குப் போன் போட்டேன்.

ஆனால் தோண்டப் பணம் உண்டு, திறப்பு விழாவுக்குப் பணம் உண்டு. மாதா மாதம் ஒரு மனுஷனைக் காவலுக்கு வைக்க என்றால் மட்டும் கை சுருங்கிவிடுகிறது.

2022-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் ஒரு கணக்கு வந்தது. நாடு முழுவதும் மத்தியப் பாதுகாப்பில் அப்போது இருந்த நினைவுச் சின்னங்கள் 3,693. காவலர்கள் இருந்தது 248 இடங்களில். தேவை 7,000 பேர் என்று கேட்டார்கள். கிடைத்தது 2,578 பேர். காரணம் நிதிப் பற்றாக்குறை. 2013-இல் வெளியான தணிக்கை அறிக்கைக்காகப் பட்டியலும் கையுமாக நேரில் போய்ப் பார்த்தபோது 92 சின்னங்களைக் காணவில்லை. பட்டியலில் இருந்தவற்றுக்கே இந்தக் கதி. பட்டியலில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று சட்டமாவது இருக்கிறது. என் கண்மாய்க் குமிழிக்கு ஒரு மீட்டர்கூடக் கிடையாது.

கட்டினால் போதாது, காப்பதற்கும் தொடர்ந்து செலவு வேண்டும் என்ற கணக்கு நம் முன்னோர்களுக்குத் தெரியாமல் இல்லை. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரியவேண்டும் என்றால், விளக்கை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 96 ஆடு விட்டார்கள். அவற்றை மேய்ப்பவர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். ஒரு ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். எண்ணிக்கை குறையக் கூடாது. ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ஏரியைத் தூரெடுக்க ‘ஏரிப்பட்டி’ என்று நிலம் விட்டார்கள். எங்கள் கொடும்பாளூர் மூவர் கோயிலைக் கட்டிய குறுநில மன்னன் பூதி விக்கிரமகேசரி கட்டியதோடு நிற்கவில்லை. பக்கத்தில் மடம் வைத்து, ஐம்பது துறவிகளுக்குச் சோறு போடப் பதினொரு ஊர்களைக் கொடுத்தான். அந்த மூன்று கோயில்களில் இன்று இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்.

சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் குகைக்கு மலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்து போனால், ஒரு கற்படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து. வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்காகச் சிறுபோசில் இளையர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்கிறது. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று இரண்டாயிரம் ஆண்டாகக் கணக்கு ஒப்பித்துக்கொண்டிருக்கிறது அந்தப் பாறை. கம்பிவேலியும் பூட்டும் இருப்பதால் அது பிழைத்தது.

வேலியில்லாத பாறையை உடைத்தால் ஜல்லி, ஜல்லி இருந்தால் ரோடு. ஆஸ்பத்திரியும் ரோடும் இல்லாத ஊரில் பழங்கல்லுக்குக் காவலா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எங்கள் ஊர்களுக்கு ரோடு வேண்டும். ஆனால் நார்த்தாமலையிலிருந்து பார்த்தால் தூரத்தில் வெள்ளையாகப் புழுதி எழும்புகிறது. வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் என் நெஞ்சு ஒரு முறை நின்று ஓடுகிறது. அந்தப் பாறையில் என்ன இருந்தது, யாராவது போய்ப் பார்த்தார்களா? பழங்கால ஈமக் கல்வட்டங்களும் தாழிகளும் பொட்டல் காடுகளில் சிதறிக் கிடக்கிற மாவட்டம் இது. பொக்லைன் ஓட்டும் பையனுக்கு அது வெறும் கல் குவியல். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அவனிடம் யாரும் சொன்னதில்லை.

காவலுக்குத் தாலுகாவுக்கு ஓர் ஆள் போதும். எழுத்து தெரிந்த, ஊர் தெரிந்த, சம்பளம் வாங்குகிற ஆள். தூர்வாரும் பணி ஆணை வந்ததும் கண்மாய்க்குள் முதலில் அவர் இறங்கிப் பார்க்க வேண்டும். குவாரி கேட்டு மனு வந்தால் பாறையை அவர் ஒரு சுற்று சுற்றி வரவேண்டும். தோண்டுகிற செலவில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

கண்மாய்க்குள் நான் எழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்க்கும் ஆத்தா ஒருவர் கம்பை ஊன்றியபடி வெகுநேரம் நின்று பார்த்தார்.

“தம்பி, இதைத் தூக்கிட்டுப் போயி மியூசியத்துல வச்சிருவீகளா?”

“இல்லை ஆத்தா. பார்க்கத்தான் வந்தேன்.”

“போன வருசம் ஒருத்தன் டிராக்டரோட வந்தான். தலைவாசப்படிக்கு வேணும்ன்னான். இந்தா இந்தக் கம்பை எடுத்துக்கிட்டு நான்தான் வெரட்டுனேன்.” சொல்லிவிட்டு ஆடுகளைத் திருப்பினார். “எனக்கும் முட்டி வலி வந்திருச்சு. இந்த வருசத்தோட ஆட்டை வித்துறலாம்னு இருக்கேன்.”