பிள்ளையின் கணையத்தில் நீர்க்கட்டி: பெற்றோர் அறிய வேண்டியவை

"உங்கள் பிள்ளையின் கணையத்தில் நீர்க்கட்டி இருக்கிறது" என்று மருத்துவர் சொன்னதும், பெற்றோர் பலர் புற்றுநோய் என்றே எண்ணி இடிந்து போய்விடுகிறார்கள். பெரும்பாலும் அது அப்படியல்ல. ஆனால் அலட்சியமாக விட்டுவிடவும் கூடாது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு. அது இன்சுலினைச் சுரக்கிறது; கொழுப்பையும் புரதத்தையும் செரிக்க வைக்கும் நீரையும் சுரக்கிறது. அந்த நீர் ஒரு குழாய் வழியாகச் சிறுகுடலுக்குப் போக வேண்டும். குழாய் கிழிந்தால் நீர் வெளியே கசிந்து தேங்கிவிடும். அதைச் சுற்றி உடல் ஒரு சுவரை எழுப்பும். இதற்கு 4 வாரமோ அதற்கு மேலோ ஆகும். இதைத்தான் 'போலி நீர்க்கட்டி' என்கிறார்கள்.

பெரியவர்களுக்கு மதுவும் பித்தக் கல்லும் முக்கியக் காரணங்கள். பிள்ளைகளுக்கோ, வயிற்றில் படும் அடிதான் முக்கியக் காரணம். சைக்கிளிலிருந்து விழும்போது ஹேண்டில் முனை மேல்வயிற்றில் குத்தினால், கணையம் அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் அகப்பட்ட இஞ்சியைப் போல, முதுகெலும்பின் மேல் நசுங்கிவிடும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் போகலாம். பிள்ளையை மோட்டார் சைக்கிளின் முன்னால் நிற்க வைத்து ஓட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு.

பொன்னுக்கு வீங்கி, தலசீமியா போன்ற நோய்களால் உண்டாகும் பித்தக் கல், வலிப்புக்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் தரப்படும் சில மருந்துகள், பிறவிக் குழாய்க் குறைபாடு ஆகியவையும் கணையத்தை வீங்க வைக்கலாம். வளரிளம் பெண்களுக்கு அரிதாக வேறொரு வகைக் கணையக் கட்டி வருவதுண்டு. அதை அறுத்து எடுத்தால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால், தொந்தரவு தெரிய வருவதற்குள் சில வாரங்கள் ஓடிவிடும். மேல்வயிற்று வலி, முதுகுக்குப் பரவும் வலி, சாப்பிட்டதும் வாந்தி, பசியின்மை, எடை குறைதல், மேல்வயிறு புடைத்தல் ஆகியவை அறிகுறிகள். விழுந்ததைப் பெற்றோர் மறந்திருப்பார்கள். அல்லது திட்டுக்குப் பயந்து பிள்ளை மறைத்திருக்கும். 'கேஸ்ட்ரிக்' என்று மருந்து வாங்கிக் கொடுத்துக் கொண்டிருப்போம். சிலர் குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றை நீவி விடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அழுத்தினால் கட்டி வெடிக்கலாம்.

முதலில் அருகிலுள்ள கிளினிக்கிற்குச் செல்லுங்கள். சில வாரங்களுக்கு முன்பு பிள்ளை விழுந்திருந்தாலும் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரத்தத்தில் அமிலேஸ், லிபேஸ் அளவைப் பார்ப்பார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கட்டியைக் காட்டிவிடும். தேவைப்பட்டால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். கோத்தா திங்கி, மெர்சிங் போன்ற இடங்களில் இருப்பவர்களை மாவட்ட மருத்துவமனையிலிருந்து ஜொகூர் பாருவிலுள்ள பெரிய அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும். தூரம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

எல்லாக் கட்டிகளுக்கும் கத்தி தேவையில்லை. பல கட்டிகள் தாமாகவே வற்றிவிடும். அதுவரை கொழுப்புக் குறைந்த உணவு, அல்லது மூக்கு வழியாகச் சிறுகுடல் வரை செலுத்திய குழாயில் உணவு கொடுத்து, ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பார்கள். "டாக்டர் ஒன்றும் செய்யவில்லையே" என்று வருந்த வேண்டாம், காத்திருப்பதும் சிகிச்சைதான். முன்பெல்லாம் 6 சென்டிமீட்டர், 6 வாரம் தாண்டினால் அறுவை என்று ஒரு கணக்கு இருந்தது. இன்று அளவைவிடப் பிள்ளை படும் தொந்தரவைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

வலி தீராவிட்டால், கட்டி இரைப்பையை அடைத்தால் அல்லது சீழ் பிடித்தால், நீரை வெளியேற்ற வேண்டும். ஸ்கேன் பார்த்துத் தோல் வழியாகக் குழாய் வைக்கலாம். வாய் வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி, கட்டி இரைப்பைக்குள் வடியும்படி துளையிடலாம். அறுவை செய்து இரண்டையும் இணைக்கலாம். இது 1921-லேயே தொடங்கிய முறை. எது பொருத்தம் என்பது கட்டியின் இடத்தையும் கணையக் குழாயின் நிலையையும் பொறுத்தது.

தாங்க முடியாத வலி, நிற்காத வாந்தி, காய்ச்சல், இரத்த வாந்தி, கறுத்த மலம், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள், 999-ஐ அழையுங்கள்.

இன்றே வீட்டுச் சைக்கிளைப் பாருங்கள். ஹேண்டில் முனையில் ரப்பர் பிடி கழன்று இரும்பு தெரிந்தால் மாற்றி விடுங்கள். பிள்ளை வயிற்று வலி என்றால், "எங்கேயாவது விழுந்தாயா அய்யா?" என்று அதட்டாமல் கேளுங்கள். அடி விழாது என்று தெரிந்தால்தான் பிள்ளை உண்மையைச் சொல்லும்.