வரையத் தெரியாதவருக்கும் ஸ்ட்ரெஸ் குறையுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

‘எனக்கு நேரா ஒரு கோடுகூடப் போட வராது’, ‘நான் பாடினா வீட்டுல திட்டுதான் விழும்’. ஓவியம், பாட்டு என்றதும் பலரும் சொல்லும் பதில் இதுதான். ஆனால், மனசு லேசாவதற்குத் திறமை ஒரு தகுதியே இல்லை என்கின்றன ஆய்வுகள்.

45 நிமிடத்தில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் தலைமையிலான குழு, 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 18 முதல் 59 வயது வரையிலான 39 பேரிடம் பேப்பர், மார்க்கர், களிமண்ணைக் கொடுத்து, 45 நிமிடம் இஷ்டத்துக்கு எதையாவது செய்யச் சொன்னார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவர்களின் எச்சிலில் கார்ட்டிசோல் அளவைச் சோதித்தார்கள். மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் ஹார்மோன் இது.

சுமார் 75% பேருக்கு அது குறைந்திருந்தது. வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் இதில் தெரியவில்லை என்பதுதான் ஹைலைட்.

இது சின்ன ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆனால், 2019-ல் உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், மனநலத்தில் கலைகளுக்குப் பங்கு இருப்பது தெரியவந்தது.

சேர்ந்து பாடினால்?

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் புதிதாகத் தொடங்கிய சில வகுப்புகளை 7 மாதங்கள் கவனித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். கைவினை, எழுத்து வகுப்பில் சேர்ந்தவர்களும் கடைசியில் நெருக்கமானார்கள். ஆனால், பாட்டு வகுப்பில் இருந்தவர்கள் சீக்கிரமே ஒட்டிக்கொண்டார்கள். வேலைக்காக ஊர் மாறி, ரூமில் தனியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

எப்படி ஆரம்பிப்பது?

பழைய நோட்டு, ஒரு பேனா போதும். மொபைலைத் தள்ளி வைத்துவிட்டு, தோன்றுவதைக் கிறுக்கலாம். அதை ஸ்டேட்டஸில் போட வேண்டிய அவசியமில்லை. எத்தனை லைக் என்று எண்ண ஆரம்பித்தால், அதுவும் ஆபீஸ் டார்கெட் மாதிரி ஆகிவிடும்.

எப்போது இது போதாது?

தூக்கமின்மை, எதிலும் ஈடுபாடு இல்லாத நிலை, அழுகை எல்லாம் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். கலை சிகிச்சைக்குத் துணையே தவிர, மாற்று இல்லை. வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண் 14416-ல் 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே.