ஆறாத ஓவனும் நாற்பது முட்டைகளும்

கடன் கேட்டு வருபவரிடம், 'இந்தக் கடன் உங்களுக்கு வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய தருணங்களும் வங்கிப் பணியில் உண்டு. புனே நகரில் எங்கள் கிளையில் நேர்ந்த அத்தகைய நிகழ்வு ஒன்றே இக்கட்டுரைக்கு வித்து. அந்நிகழ்வின் நடுவே இருந்தது ஓவனில் வேகவைத்த முட்டை என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

எங்கள் வாடிக்கையாளரான பெண்மணி ஒருவர், முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை வழங்கப்படும் 'சிசு' பிரிவில் கடன் பெற்று, மின்சார ஓவன் ஒன்றை வாங்கினார். நாள்தோறும் விடியற்காலையில் வீட்டிலேயே பாவ் ரொட்டி சுட்டு, அருகிலுள்ள கடைகளுக்குக் கொடுத்து வருகிறார். மராத்தியில் அக்காவைத் 'தாயி' என்பர். கிளையில் நாங்கள் அனைவரும் அவரை அவ்வாறே அழைக்கிறோம். பெயரைக் குறிப்பிடாமல் இதனை எழுத அவர் இசைவு தந்திருக்கிறார்.

தவணை கட்ட வந்த ஒரு நாளில் தாயி தயங்கியவாறே கேட்டார்: "சாஹேப், இன்னொரு கடன் கிடைக்குமா?" அவர் தெருவிலுள்ள உடற்பயிற்சிக் கூடம் ஒன்று, நாள்தோறும் காலை 7 மணிக்கு 40 வேகவைத்த முட்டைகள் வேண்டுமென்று கேட்டிருந்தது. வீட்டில் இருப்பதோ இரண்டு பர்னர் அடுப்பு. ஒன்றில் பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாடு தயாராக வேண்டும். மற்றொன்றில் பெரிய பாத்திரம் ஏற்றி 40 முட்டைகளையும் ஒன்றாகப் போட்டால், நீர் கொதிக்கும்போது அவை ஒன்றோடொன்று மோதி, ஐந்தாறு முட்டைகள் வெடித்துவிடுகின்றன. கிடைக்கும் சிறு ஆதாயம் அந்த ஐந்தாறிலேயே கரைந்துபோகிறது. எனவே பெரிய அடுப்பும் பாத்திரங்களும் வாங்கக் கடன் வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

முதல் கடனின் தவணைகளே இன்னும் முடியாத நிலையில் இரண்டாவது தவணையும் சேர்ந்தால், அவர் வீட்டு வரவு செலவு தாங்குமா என்ற கவலை எங்களுக்கு எழுந்தது. "தாயி, காலையில் உங்கள் ஓவன் எத்தனை மணி வரை வேலை செய்கிறது?" என்று வினவினோம். "5.45 மணிக்குக் கடைசித் தட்டு வெளியே வந்துவிடும். பிறகு அணைத்துவிடுவேன். வெகுநேரம் சூடாகவே கிடக்கும்" என்றார்.

வணிகவியல் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் காது சற்றுக் கூர்மையாகும். தவணை கட்டப்பட்டுவரும் ஓர் இயந்திரமும், மின்கட்டணம் கொடுத்து உண்டாக்கிய வெப்பமும் நாள்தோறும் பயனின்றி ஆறுகின்றன. அவ்வெப்பத்தில் முட்டை வேகுமா? "ஒரு வாரம் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்று அவரை அனுப்பிவைத்தோம்.

செய்து பார்த்த கதை

பணி மாறுதலில் புனே வந்த நாங்கள் மூவர், ஒரே வீட்டில் தங்கியிருக்கிறோம். அவ்வீட்டில் ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மேசை ஓவன் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் 12 முட்டைகளோடு ஆய்வைத் தொடங்கினோம்.

வெப்பம் மிகுந்தால் விரைவில் வெந்துவிடும் என்றெண்ணி, முதலில் 200 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வைத்தோம். விளைவு நன்றாக இல்லை. இரண்டு முட்டைகளின் ஓடு பிளந்து வெண்கரு வெளியே வழிந்தது. மற்றவற்றின் வெண்கரு ரப்பர் போல் இறுகியிருந்தது. மஞ்சள்கருவைச் சுற்றிக் கரும்பச்சை வளையம் படிந்திருந்தது.

மறு ஞாயிறு, வெப்பத்தைக் குறைத்து 160 பாகையில் வைத்தோம். ஓவன் அவ்வெப்பத்தை அடைந்த பின்னரே முட்டைகளைக் கம்பித்தட்டின் இடைவெளிகளில் உருளாதவாறு அடுக்கினோம். எதிர்பாராமல் ஒன்று உடைந்தாலும் அடியில் ஒழுகாதிருக்கக் கீழே ஒரு தகட்டையும் வைத்தோம். 30 நிமிடம் கழித்து எடுத்து, குளிர்ந்த நீரில் 10 நிமிடம் இட்டோம். இம்முறை 12 முட்டைகளும் முழுமையாக வெந்திருந்தன. ஒன்றுகூட வெடிக்கவில்லை. கம்பியைத் தொட்டிருந்த இடங்களில் மட்டும் ஓட்டின்மீது பழுப்புப் புள்ளிகள் தென்பட்டன. அவற்றுள் சிலவற்றின் வெண்கருவிலும் அப்புள்ளி இலேசாகப் பதிந்திருந்தது. சுவையில் குறையில்லை.

காற்றும் நீரும்

அடுப்பில் 10 அல்லது 12 நிமிடத்தில் வேகும் முட்டைக்கு, அதைவிட வெப்பம் மிகுந்த ஓவனில் 30 நிமிடம் ஏன் தேவைப்படுகிறது? 160 பாகை வெப்பமுள்ள ஓவனுக்குள், எதையும் தொடாமல் கையை நீட்டி உடனே எடுத்துவிட்டால் கை வெந்துபோவதில்லை. கொதிநீரில் விரல் நுனி பட்டாலே கொப்பளித்துவிடும். நீரோடு ஒப்பிடக் காற்று வெப்பத்தைக் குறைவாகவே சுமக்கிறது, மெதுவாகவே கடத்துகிறது. ஓவன் முட்டை பொறுமையாக வேகுவதன் காரணம் இதுவே.

மற்றொரு வேறுபாடும் உண்டு. கொதிக்கும் நீர் எவ்வளவு தீ வைத்தாலும் 100 பாகையைத் தாண்டாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்திலுள்ள புனேயில் 98 பாகையிலேயே கொதித்துவிடும். எனவே கவனம் சற்றுத் தவறினாலும் நீர் முட்டையை ஓரளவு காக்கிறது. ஓவனின் காற்றுக்கு அத்தகைய வரம்பில்லை. அங்கே நம் கடிகாரமே காவல்.

வெண்கரு 60 பாகையைச் சற்றுக் கடந்ததும் இறுகத் தொடங்குகிறது. மஞ்சள்கரு 65 முதல் 70 பாகைக்குள் கெட்டிப்படுகிறது. அதற்குமேல் நெடுநேரம் சூடேறினால், வெண்கருவிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மஞ்சள்கருவிலுள்ள இரும்போடு சேர்ந்து, நாங்கள் கண்ட அந்தப் பச்சை வளையத்தை உண்டாக்குகிறது. அதனால் உடலுக்குத் தீங்கில்லை. ஆயினும் காசு கொடுத்து வாங்குபவர் அதை விரும்பமாட்டார். நேரம் முடிந்ததும் குளிர்ந்த நீரில் இடுவது வேகுவதை அங்கேயே நிறுத்திவிடுகிறது, வளையமும் தோன்றுவதில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

1,500 வாட் ஓவன், சூடேற 10 நிமிடமும் வேக 30 நிமிடமும் இடைவிடாது எரிந்தால் 1 யூனிட் மின்சாரம் செலவாகும். தெர்மோஸ்டாட் இடையிடையே அணைத்துவிடுவதால் உண்மைச் செலவு சற்றுக் குறையும். இதற்கு மாறாக, 1 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 98 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 307 கிலோஜூல் வெப்பம் போதும். 1 யூனிட் என்பது 3,600 கிலோஜூல். ஆக, நீரைக் கொதிக்கவைக்கும் செலவு 1 யூனிட்டில் 12-இல் ஒரு பங்குதான். முட்டைகள் ஏற்கும் வெப்பத்தையும் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தாலும், மூடியிட்ட பாத்திரத்தில் இண்டக்‌ஷன் அடுப்பின்மீது கால் யூனிட்டுக்குள் காரியம் முடிந்துவிடும்.

எனவே, வீட்டில் நான்கு முட்டைகளுக்காக ஓவனைப் புதிதாகச் சூடேற்றுவது வீண்செலவே. இதில் எங்களுக்கு ஐயமில்லை.

தாயியின் கணக்கோ வேறு. அவருடைய ஓவன் பாவ் ரொட்டிக்காக 220 பாகைக்கு ஏற்கெனவே சூடேறியிருக்கிறது. அந்தச் செலவை ரொட்டியே ஏற்றுக்கொண்டுவிட்டது. முட்டைக்காகக் கூடுதலாக ஆவது, வெப்பத்தை 160 பாகையில் நிலைநிறுத்தும் சிறு மின்சாரம் மட்டுமே. இதனையே இறுதிநிலைச் செலவு என்று கல்லூரியில் படித்தோம். ஒரு பொருளின் மொத்தச் செலவு வேறு, அதனைக் கூடுதலாகச் செய்வதால் ஏறும் செலவு வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால், நான்கு முட்டைக்கு வீணான ஓவன் நாற்பது முட்டைக்குச் சிக்கனமானது.

கவனிக்க வேண்டியவை

கிளைக்கு மீண்டும் வந்த தாயியிடம் முறையை விளக்கி, சில குறிப்புகளையும் எழுதிக் கொடுத்தோம். ஓவன் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் அவை பயன்படும்.

ரொட்டி வெளியே வந்ததும் ஓவன் கதவைச் சில நிமிடம் திறந்துவைத்து, வெப்பம் 160 பாகைக்கு இறங்கிய பின்னரே முட்டைகளை வைக்க வேண்டும். 40 முட்டைகளை இரண்டு தட்டுகளில் வைத்தால் 5 நிமிடம் கூடுதலாகத் தேவைப்படலாம். முதல் நாள் ஒரு முட்டையை முன்கூட்டி எடுத்து வெட்டிப் பார்த்து, அவரவர் ஓவனுக்கு உரிய நேரத்தைக் குறித்துக்கொள்வது நன்று.

அன்று வந்த புதிய முட்டையின் ஓடு எளிதில் உரிவதில்லை. நாள் செல்லச் செல்ல ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி, வெண்கருவின் காரத்தன்மை கூடுகிறது. அதன்பின் வெண்கரு உள்சவ்வோடு அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஆகவே முதலில் வாங்கிய அட்டையிலிருந்தே முதலில் எடுக்க வேண்டும். சரக்குக் கணக்கில் நாம் சொல்லும் விதி இங்கே உரிப்பதற்கும் உதவுகிறது.

குளிர்விக்கும் நீர் குடிக்கத்தக்க நீராக இருக்க வேண்டும். சூடான முட்டை ஆறும்போது உள்ளிருப்பது சுருங்கி, வெளிநீரை நுண்துளைகள் வழியே சிறிது உள்ளிழுக்கும். அசுத்த நீரானால் அதுவும் உள்ளே போகும். வெந்த முட்டைகளை 2 மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும், இல்லையேல் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஓட்டோடு வைத்தால் ஒரு வாரம் வரை தாங்கும். விற்பனைக்குச் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவையும் பெற்றிருத்தல் அவசியம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஓவன் என்றாலே நம்மில் பலருக்கு மைக்ரோவேவ்தான் நினைவுக்கு வருகிறது. அதில் ஓட்டோடு முட்டையை ஒருபோதும் வைக்கலாகாது. எங்கள் கிளையின் உணவறையில் நண்பர் ஒருவர், வீட்டிலிருந்து கொண்டுவந்த வேகவைத்த முட்டையை மைக்ரோவேவில் சூடாக்கினார். வெளியே எடுக்கும் வரை அமைதியாக இருந்த முட்டை, முள்கரண்டி பட்டதும் பெருத்த ஓசையுடன் வெடித்தது. கன்னத்தில் சூடு பட்டது. மூக்குக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. மைக்ரோவேவ் முட்டையின் உட்பகுதியை நேரடியாகச் சூடேற்றுவதால், வெளியேற வழியின்றி உள்ளே அழுத்தம் சேர்ந்துவிடுகிறது. ஓடு உரித்த முட்டைக்கும் இதே ஆபத்து உண்டு. மைக்ரோவேவும் கன்வெக்‌ஷனும் இணைந்த சாதனமாக இருந்தால், கன்வெக்‌ஷன் முறையில் மட்டுமே இதனைச் செய்ய வேண்டும். பொத்தானை அழுத்துமுன் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்க.

இருப்பதை எண்ணிப் பார்த்தல்

இரண்டு வாரம் கழித்துத் தாயி மீண்டும் தவணை கட்ட வந்தார். கடன் விண்ணப்பத்தை அவர் நிரப்பவேயில்லை. 5.50 மணிக்கு ஓவனுக்குள் போகும் முட்டைகள் 6.25 மணிக்கு வெளியே வந்து, ஆறித் துடைக்கப்பட்டு, 7 மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அடுப்பு இரண்டும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கே கிடைத்துவிட்டன. "புள்ளி விழுந்த முட்டைகளை என்ன செய்கிறீர்கள், தாயி?" என்று கேட்டோம். "கூடத்துக்காரர் வேண்டாமென்று சொல்லவில்லை, சாஹேப். ஆனாலும் அவற்றை எடுத்துவைத்துப் பிள்ளைகளுக்குப் பாவோடு கொடுத்துவிடுகிறேன். அவர்கள் புள்ளி பார்ப்பதில்லை" என்றார்.

தேவையான இடத்தில் கடன் ஒரு நல்ல கருவி. அவருக்கு அந்த ஓவனைத் தந்ததே கடன்தான். எனினும் புதிதாக ஒன்றை வாங்கக் கையெழுத்திடுமுன், கையிலிருக்கும் ஒன்று நாளில் எத்தனை மணி நேரம் சும்மா இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. தையல் இயந்திரமாயினும், சரக்கு வண்டியாயினும், கடையின் பின்னறையாயினும் இதே கேள்வி பொருந்தும். விடை தெரிந்த பின்னும் கடன் தேவைப்பட்டால், கிளைக்கு வாருங்கள். கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.