நூறு மில்லியில் அகப்படாதவை

மைசூரு நகரத்தின் விளிம்பில் இருக்கிறது கே.சாலுண்டி கிராமம். 2024 மே மாதம் அங்கே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வீடு வீடாகப் பரவின. பல பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. ஓர் இளைஞர் இறந்துபோனார். குடிநீரில் சாக்கடை நீர் கலந்துவிட்டது என்றார்கள் ஊர் மக்கள். செய்தித்தாள்களும் அதையே எழுதின.

இது எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் ஊர் அல்ல. காவிரியைத் தேக்கி வைத்திருக்கும் கிருஷ்ணராஜ சாகரம் பக்கத்திலேயே இருக்கிறது. ப்ளேக் நோய் உலுக்கிப் போட்ட பிறகு, 1903-லேயே நகர மேம்பாட்டுக்கென்று தனி வாரியம் கண்ட நகரம் மைசூரு. அதன் வாசலில் இருக்கும் கிராமத்தில், குடிக்கிற தண்ணீரால் ஓர் உயிர் போகிறது என்றால், நாம் தண்ணீரைச் சோதிக்கும் முறையிலேயே ஏதோ போதவில்லை.

இப்படி ஒரு துயரம் நடந்ததும் அதிகாரிகள் செய்யும் முதல் வேலை, குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது. அங்கே தேடப்படுவது பெரும்பாலும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. மனிதர்களின், விலங்குகளின் குடலில் வாழ்வது அது. அதன் பல வகைகள் நமக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் அது தண்ணீரில் இருக்கிறது என்றால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலம் வந்த வழியில் காலரா, டைஃபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகளும் வரலாம். அதனால்தான் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதி (ஐஎஸ் 10500, 2012), 100 மில்லி தண்ணீரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது என்கிறது.

நல்ல விதிதான். ஆனால் அதற்கு மூன்று குறைகள் உண்டு. பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதற்குள் அந்தத் தண்ணீரை ஊர் குடித்து முடித்திருக்கும். அடுத்து, புட்டியில் பிடித்தது ஒரு நொடியின் தண்ணீர். காலையில் நன்றாக இருந்த குழாயில் மாலையில் சாக்கடை கசியலாம். மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது: சில கிருமிகள் ஆளை வீழ்த்துவதற்கு, நூறு மில்லியில் எளிதில் அகப்படாத அளவு சொற்பமாக இருந்தாலே போதும்.

இதை ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குப் பெரிய காரணமான ரோட்டாவைரஸை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு வைரஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆயிரம் லிட்டரையும் 100 மில்லி புட்டிகளில் அடைத்தால் 10,000 புட்டிகள் வரும். அவற்றில் ஒன்றில்தான் அந்த வைரஸ் இருக்கும். மற்ற 9,999 புட்டிகளையும் எவ்வளவு நுட்பமான கருவியில் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தென்படாது.

இப்போது அதே தண்ணீரைக் காய்ச்சாமல் நாளுக்கு அரை லிட்டர் குடிக்கும் குழந்தையை நினையுங்கள். இதற்கு முன் இந்த வைரஸைச் சந்திக்காத, தடுப்பு மருந்தும் போடாத குழந்தை. ஓராண்டில் அது குடிப்பது 180 லிட்டருக்குச் சற்று மேல். ஒரு ரோட்டாவைரஸ் உள்ளே போனால் தொற்றுவதற்கு நூற்றுக்கு 59 பங்கு வாய்ப்பு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் கொள்கிறது. பெருக்கிப் பார்த்தால் ஓராண்டில் இப்படிப்பட்ட நூறு குழந்தைகளில் பத்துப் பேருக்குத் தொற்று வரும். தொற்றியவர்களில் பாதிப் பேர் நோயில் விழுவார்கள். குடிநீரால் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒருவருக்கு மேல் தொற்று வரக் கூடாது என்பது அமெரிக்காவில் 1980-களிலிருந்து சொல்லப்பட்டுவரும் இலக்கு. நம் கணக்கில் வந்தது அதைப்போல ஆயிரம் மடங்கு. அத்தனையும், பரிசோதனைக் கூடம் ‘எதுவும் இல்லை’ என்று சான்று தரக்கூடிய தண்ணீரில்.

இப்படிக் கணக்குப் போட்டு ஆபத்தை அளப்பதற்குத்தான் நுண்ணுயிர் ஆபத்து மதிப்பீடு என்று பெயர். எந்தக் கிருமி, எவ்வளவு உள்ளே போகிறது, அந்த அளவுக்கு எத்தனை பேருக்குத் தொற்றும், அதனால் ஊருக்கு வரும் நோய் எவ்வளவு: இந்த நான்கு கேள்விகளும்தான் அதன் எலும்புக்கூடு. உலக சுகாதார நிறுவனம் இதை எடுத்துக்காட்டோடு விளக்கியிருக்கிறது. ஆற்றில் லிட்டருக்குப் பத்து ரோட்டாவைரஸ் இருந்தால், குடிக்கும்போது 90,000 லிட்டருக்கு ஒன்று என்ற அளவுக்கு அது குறைந்திருக்க வேண்டுமாம். 90,000 லிட்டரை யார் சோதிப்பார்கள்? முடியாது. ஆகவே கடைசியில் வரும் தண்ணீரைச் சோதித்து நிம்மதி அடைவதைவிட, வழியில் இருக்கும் தடைகள் ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதே சரியான வழி. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் கிருமியை ஆறு முறை பத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். படிகாரம் போட்டுத் தெளிய வைப்பது சில படிகள் குறைக்கும், மணல் வடிகட்டி சில படிகள், குளோரின் சில படிகள். ஒன்று பிசகினால் ஆபத்து பத்து மடங்கோ நூறு மடங்கோ ஏறும்.

தடை ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்பதை 1955-ஆம் ஆண்டே தில்லி கண்டது. நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை நீர் யமுனையில் பின்னோக்கி ஏறி, வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை அடைந்தது. பொறியாளர்கள் அசட்டையாக இருந்துவிடவில்லை. படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினார்கள். டைஃபாய்டு பெருகவில்லை, பாக்டீரியாக்கள் மடிந்தன. ஆனால் சில வாரங்கள் கழித்து, டிசம்பரிலும் ஜனவரியிலும், ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பாக்டீரியாவைக் கொன்ற குளோரின், கலங்கல் நீரில் ஒளிந்து வந்த வைரஸைக் கொல்லவில்லை. அது ஹெபடைடிஸ் ஈ என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993-இல் நடந்தது இன்னொரு பாடம். அங்கே குளோரின் சரியாகத்தான் போட்டார்கள். வடிகட்டும் இடத்தில் தெளிவு குறைந்தது. குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி உள்ளே நுழைந்து சுமார் 4 லட்சம் பேரை நோயில் தள்ளியது.

மைசூருவில் இருப்பவர்களுக்குக் கலங்கல் நீர் புதிதல்ல. ஜூன், ஜூலையில் குடகு மலையில் மழை பிடித்துக்கொண்டதும் காவிரி செம்மண்ணைச் சுமந்துகொண்டு அணைக்குள் இறங்கும். நகரத்துக்கான தண்ணீர் ஹொங்கள்ளி, மேளாபுரம் போன்ற காவிரிக்கரை நிலையங்களிலிருந்தும், கபினி ஆற்றிலிருந்து பிதரகோடு நிலையத்தின் வழியாகவும் மேடேற்றப்படுகிறது. கலங்கல் கூடிய நாட்களில் குளோரினை அந்த மண்ணும் குப்பையுமே தின்றுவிடும், கிருமிகளுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தச் சில வாரங்களில் வடிகட்டி நிலையத்தில் வேலை செய்பவர்களின் கவனமே ஊரின் ஆரோக்கியம். அவர்கள் யாரென்று நகரத்தில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

நிலையத்தைவிட்டு நல்ல தண்ணீர் வெளியேறினாலும் கதை முடியவில்லை. இதற்கு நல்ல சான்று கர்நாடகத்திலேயே உண்டு. ஹூப்ளி-தார்வாடில் ஆய்வு நடந்தபோது சில வார்டுகளுக்கு 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. மற்ற வார்டுகளுக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை. மூலமும் சுத்திகரிப்பும் ஒன்றே. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் குழாய் நீரைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட முடிவு: எந்நேரமும் வரும் குழாய்களில் 0.7 சதவீத மாதிரிகளில்தான் ஈ.கோலை இருந்தது. விட்டுவிட்டு வரும் குழாய்களில் 31.7 சதவீதத்தில்.

காரணம் எளிது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை வழியே தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் போனதும் அதே ஓட்டை வழியே சுற்றியிருக்கும் ஈரமும் அழுக்கும் உள்ளே இழுக்கப்படும். குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் தெருவில் உள்ளே வருவது என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மோட்டார் வைத்துக் குழாயிலிருந்து நேராக உறிஞ்சுகிறவர்கள் இந்த இழுப்பை இன்னும் மோசமாக்குகிறார்கள். அது தெருவுக்கே செய்யும் கேடு. தண்ணீர் விட்டதும் முதலில் வருவதில்தான் அழுக்கு அதிகம், அதைக் குடத்தில் பிடிக்காமல் பாத்திரம் கழுவவோ செடிக்கோ விட்டுவிடுவது நல்லது.

ஹூப்ளி-தார்வாடில் பிறகு குழந்தைகளின் உடல்நிலையையும் கவனித்தார்கள். மொத்த வயிற்றுப்போக்கில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் எந்நேரமும் தண்ணீர் பெற்ற வீடுகளில் டைஃபாய்டு குறைந்திருந்தது. ஏழை வீடுகளில் இரத்தபேதியும் குறைந்திருந்தது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. கிருமி வரும் வழி குழாய் ஒன்றே அல்ல. கை, ஈ, உணவு, விளையாடும் மண் என்று பல வழிகள் இருக்கின்றன. ஒரு வழியை அடைத்துவிட்டோம் என்பதற்காகப் பிற வழிகள் தாமாக அடைபடுவதில்லை.

முன்பு சொன்ன நான்கு கேள்விகளில், எவ்வளவு உள்ளே போகிறது என்பதற்கு நம் ஊர்ப் பழக்கத்தைப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும். காபியிலும் ரசத்திலும் போகும் தண்ணீர் கொதித்துவிட்டது, அதில் கவலை இல்லை. ஓட்டலில் சுடுநீர் கேட்டு வாங்குவது மிக நல்ல பழக்கம், ஆனால் அது வெதுவெதுப்பான நீராக இல்லாமல் கொதித்து ஆறிய நீராக இருக்க வேண்டும். கவலைப்பட வேண்டியவை காய்ச்சாதவை: நீர்மோர், ஐஸ், பானிபூரித் தண்ணீர், சட்னியில் விடும் தண்ணீர், தட்டு கழுவும் தொட்டி. மைசூருவில் ராமநவமியன்று தெருவுக்குத் தெரு பந்தல் போட்டுப் பானகமும் மோரும் கோசம்பரியும் கொடுப்பார்கள். வெயிலில் வரும் வழிப்போக்கருக்கு அதைவிடப் பெரிய உபசாரம் இல்லை. அந்தப் பானகம் கரைக்கும் தண்ணீரை முந்தின இரவே கொதிக்க வைத்து ஆற்றிவிட்டால் அந்தப் புண்ணியம் முழுமையாகும்.

குளியலிலும் தண்ணீர் உள்ளே போகும். நீச்சல் குளத்தில் முக்கால் மணி நேரம் நீந்துகிறவர்களை ஆராய்ந்தபோது, பெரியவர்கள் சராசரியாக 16 மில்லியும் சிறுவர்கள் 37 மில்லியும் விழுங்கியிருந்தார்கள். காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு நரசிபுரத்தில் முங்கி எழுந்து ஒரு கை தீர்த்தமும் பருகுகிறவர்களுக்கு அது இன்னும் கூடும். மைசூருவின் கழிவுநீர் கேசரே பக்கமாகக் காவிரியை நோக்கியும், தளவாய் ஏரிப் பக்கமாகக் கபினியை நோக்கியும் சரிகிறது. வழியில் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவை எவ்வளவு நன்றாக ஓடுகின்றன என்பது படித்துறையில் நிற்பவருக்கும், கீழே மேட்டூர் வரைக்கும் அந்த ஆற்றை நம்பியிருக்கும் நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

கே.சாலுண்டி போன்ற கிராமங்களின் நிலைமை வேறு. நகரம் அவற்றை நோக்கி விரிகிறது. புதிய லேஅவுட்கள் முதலில் வருகின்றன, சாக்கடைக் குழாய் பிறகு வருகிறது, சில இடங்களில் வருவதே இல்லை. கழிவுநீர் ஏரியில் இறங்குகிறது. குடிநீர் கிடைப்பது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டி வழியாக. அங்கே ஆற்றுநீருக்கு இருக்கும் பல படித் தடைகள் கிடையாது. நிலத்தடி மண்ணும், தொட்டியில் வாட்டர்மேன் கரைத்து ஊற்றும் பிளீச்சிங் பவுடரும்தான் மொத்தப் பாதுகாப்பு. மண் தோற்றுவிட்டால் பவுடர் ஒன்றே கதி. எனவே ஆய்வகக் கருவி இல்லாத ஊரிலும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை: கிணற்றிலிருந்து கழிப்பறைக் குழி எத்தனை அடி தள்ளி இருக்கிறது? கிணற்றைச் சுற்றி சிமெண்ட் மேடை விரிசல் இல்லாமல் இருக்கிறதா? வால்வுக் குழியில் சாக்கடை நீர் தேங்கி நிற்கிறதா? தொட்டி மூடி திறந்து கிடக்கிறதா? கடைசியாக எப்போது கழுவினார்கள்? ‘குடிநீர்ப் பாதுகாப்புத் திட்டம்’ என்று உலக சுகாதார நிறுவனம் 2004-லிருந்து வலியுறுத்துவதன் சாரம் இப்படிப்பட்ட கேள்விகளே. பதில் தெரிந்துகொள்ள ஒரு நாள் காத்திருக்க வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு உண்டு. அவர்கள் கையில் இருக்கும் பெட்டியில் ஒரு சிறு குப்பியும் இருக்கும். தண்ணீர் ஊற்றி வைத்தால், மலம் கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். குவாலியரில் இருக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தின் விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்ட எளிய முறை அது. இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. ஆனால் தினமும் செய்ய வேண்டியது அதைவிடவும் சுலபம். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் அல்ல, ஊரின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப்பில் மருந்துச் சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. சில நிமிட வேலை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். வைரஸ் பயம் இருக்கும் காலத்தில் 0.5. நிறமே ஏறவில்லை என்றால், வழியில் எதுவோ அந்தக் குளோரினைத் தின்றுவிட்டது. அன்று காலையே வாட்டர்மேனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சரியாகும்வரை அந்தத் தெருவில் எல்லோரும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.