சுவரில் ஊரும் விரல்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய பெண்ணிடம், "கையை அசைக்காதேம்மா, தையல் பிரிந்துவிடும்" என்று வீட்டிலுள்ளோர் வாஞ்சையோடு சொல்லுகிற வார்த்தையே, ரணம் ஆறிய பின்னும் அவளுடைய தோளுக்குப் பூட்டிய விலங்காக முடிவதுண்டு. கட்டியை அகற்றும்போது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் பல சமயம் எடுக்க நேரிடுகிறது. ஆறுகின்ற தழும்போ சுருங்கும் சுபாவமுடையது. இவற்றோடு வலிக்கு அஞ்சிக் கையை மார்போடு அணைத்தே வைத்திருந்தால், சில வாரங்களுக்குள் தோள் இறுகி, தலை பின்னவும் ரவிக்கையில் கை நுழைக்கவும் பிரயாசைப்பட வேண்டியதாகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி படுக்க வேண்டியிருப்பதால், இந்த இறுக்கம் அச்சிகிச்சைக்கே இடையூறாகிவிடும் என்பதை அநேகர் அறியார்.

ஆகவே, வைத்தியர் அனுமதித்தால், அறுவைக்கு மறுநாளே தொடங்கலாம்: விரல்களை மடக்கி விரித்தல், முழங்கையை மடக்கி நீட்டல், தோள்களை மெல்லச் சுழற்றல், ஆழ்ந்து மூச்சு விடுதல். நிணநீரை வடிக்கும் குழாய் உடலில் இருக்கும்வரை கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்க வேண்டாமென்பது பொதுவான விதி. அதன் பிறகே சுவர் அப்பியாசம். சுவரைப் பார்த்து நின்று, எறும்பு ஊர்வதுபோல விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்தி, இழுப்புத் தெரிகிற இடத்தில் சில மூச்சு விடும் நேரம் கையை நிறுத்தி, வந்த வழியே இறக்க வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால், மறுவாரம் அக்கோட்டைத் தாண்டும் விரல்கள் தருகிற தைரியத்தை எந்த ஆறுதல் மொழியும் தராது என்றே நான் நம்புகிறேன். இழுப்பைப் பொறுக்கலாம், சுரீரென்ற வலியைப் பொறுக்கலாகாது. மார்பகத்தைப் புனரமைத்துக்கொண்டவர்களுக்கு விதிகள் வேறாதலால், அவர்கள் தம் வைத்தியர் சொன்னபடியே நடக்க வேண்டும்.

கைக்கு வேலை கொடுத்தால் நிணநீர் தேங்கி வீங்கிவிடும் என்ற அச்சம், ஒரு காலத்தில் வைத்தியர்களிடையேயும் வேரூன்றியிருந்தது. கனடாவின் வான்கூவர் நகரில் டான் மெக்கன்சி என்ற மருத்துவர் 1996-இல், இந்நோயிலிருந்து மீண்ட 24 பெண்களைப் படிப்படியாகப் பழக்கி, கையின் பலமெல்லாம் வேண்டுகிற டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார்; அவர்களுள் ஒருவருக்கும் புதிதாக வீக்கம் காணவில்லை. பிறகு அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களைக் கொண்டு நடந்து 2009-இல் வெளியான ஆராய்ச்சியில், மேற்பார்வையின்கீழ் சிறிது சிறிதாக எடை தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை என்பதோடு, அது திடீரென உக்கிரமாகும் தொல்லையும் குறைந்தே காணப்பட்டது.

சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் தந்தி கட்டினாற்போல் இழையொன்று புடைத்து இழுக்கும். பயப்பட வேண்டியதில்லை, பிசியோதெரபி நிபுணரிடம் காட்டினால் பக்குவமாக நீவித் தளர்த்துவார். ஆனால் கை சிவந்து சூடேறினாலோ, சுரம் கண்டாலோ, நேற்றுவரை தளர்ந்து புரண்ட வளையல் இன்று இறுகினாலோ, அப்பியாசத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே வைத்தியரைப் பார்க்க வேண்டும்.