விஷமேறிய நிலத்தில் வேர் படும் பாடு

பயிருக்கு வேரே வாய், வேரே கால். ஆயினும் நம் விவசாயிகளில் பெரும்பாலோர் வரப்பில் நின்று, இலையின் நிறத்தையும் கதிரின் கனத்தையும் கண்டே பயிரின் நிலையை மதிப்பிடுகின்றனர். உப்பும் உலோக விஷமும் ஏறிய பூமியில் இம்மதிப்பு காலந்தாழ்ந்ததாகும். விஷத்தை முதலில் எதிர்ப்பதும், முதலில் அதற்கு இரையாவதும் வேரே.

பாலாற்றுப் பிரதேசம் இதற்குத் தக்க உதாரணமாகும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. 1996-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பில், தமிழ்நாடு விவசாய சர்வகலாசாலையின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் எடுத்த முதற்கணக்கு குறிக்கப்பட்டுள்ளது. அதன்படி, தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று.

இந்நிலங்களுக்கு நேர்ந்த கேடு இருவகைப்படும். பச்சைத்தோல் அழுகாமலிருக்க இடும் கறியுப்பு, தோலைக் கழுவும் ஜலத்தோடு வெளியேறுவது ஒன்று. பதனிடப் பயன்படும் குரோமியம் என்னும் உலோகம் மற்றொன்று. குரோமியத்திலும் இருவகை உண்டு. தோல் பதனிட உதவும் மூவிணைதிறக் குரோமியம் மண்ணோடு ஒட்டி, அதிகம் நகராமல் கிடக்கும். குரோமேட் உப்புகளிலுள்ள ஆறிணைதிறக் குரோமியமோ ஜலத்தில் கரைந்து ஓடும், விஷமும் மிக்கது. மண்ணிலுள்ள மாங்கனீஸ் ஆக்ஸைடுகளின் சேர்க்கையால் முதல்வகையில் ஒரு சிறுபகுதி இரண்டாவதாக மாறுவதும் உண்டு.

இவ்விஷத்தை வேர் எவ்வாறு எதிர்கொள்கிறது? வேர்நுனி வழுவழுப்பான பசையையும் சில கரிம அமிலங்களையும் வெளியிட்டு, பலவகை உலோகங்களை வெளியிலேயே பிணித்து நிறுத்த முயல்கிறது. அதைக் கடந்து வருவனவற்றில் ஒரு பங்கு வேரின் உயிரணுச் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. மேலும் உட்புகுவதை, உயிரணுவுக்குள் இருக்கும் பைபோன்ற அறைகளில் வேர் அடைத்துவைக்கிறது. ஆனால் ஆறிணைதிறக் குரோமியம் உருவத்தில் கந்தகச் சத்தை ஒத்திருப்பதால், அச்சத்து நுழையும் வாயில் வழியாகவே வேருக்குள் புகுந்துவிடுகிறது. இத்தனை காவலின் பயனாக, பயிர் உறிஞ்சிய குரோமியத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்குகிறது. தண்டுக்கும் தானியத்துக்கும் சிறுபங்கே ஏறுகிறது.

இக்காவலுக்கு வேர் கொடுக்கும் விலை பெரிது. நுனியின் வளர்ச்சி குன்றுகிறது, வேர் குட்டையாகித் தடித்துப் பழுப்பு நிறமடைகிறது, வேர்த்தூவிகள் குறைகின்றன. அதன்பிறகே இலை வெளுக்கிறது. வெளுத்த இலையைக் கண்டு, தழைச்சத்துக் குறைவென எண்ணி மேலும் மேலும் யூரியா இடுவோர் பலர். உண்ணும் வாய் புண்ணான பின் விருந்து படைத்து யாது பயன்? அவ்வாறு செலவிடும் பணம் நஷ்டமே.

ஆகவே, சந்தேகம் தோன்றியவுடன் பயிரை மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டியெடுத்து, வேரைக் கழுவிப் பார்க்கவேண்டும். ஜலத்தைச் சோதிக்கவும் எளிய முறையொன்று உண்டு. ஒரே அளவுள்ள சிறு வெங்காயங்களைப் பழைய வேர் நீக்கி எடுத்து, ஒரு டம்ளரில் கிணற்று ஜலமும் மற்றொன்றில் நல்ல ஜலமும் நிரப்பி, அடிப்பாகம் மட்டும் நனையுமாறு வைக்கவேண்டும். நான்கைந்து நாட்களில் முளைக்கும் வேர்களின் நீளத்தை ஒப்பிட்டால் குற்றமுண்டா என்பது ஒருவாறு தெரியும். குற்றம் உப்பா, உலோகமா என்பதை ரஸாயனப் பரிசோதனையே கூறும். சாதாரண மண் பரிசோதனையில் குரோமியம் அடங்குவதில்லையாதலால், அதைத் தனியே கேட்டுப் பெறவேண்டும். பாசன ஜலத்தில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருத்தலாகாது. மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டிய ஜலம் உப்பு மிக்கது. பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது.

பரிகாரமும் குற்றத்திற்கேற்ப வேறுபடும். சோடியம் மிகுந்து இறுகிய நிலத்திற்கு ஜிப்ஸம் இட்டு, நல்ல ஜலம் தேக்கி, வடிகால் வழியே வடிக்கவேண்டும். வடிகால் இல்லாத இடத்தில் இதனால் பயனில்லை. குரோமியம் உள்ள நிலத்திற்குத் தொழு உரமும் தழை உரமும் தாராளமாக இடுதல் நலம். அவை மட்கும்போது கொடிய வகைக் குரோமியம் மண்ணோடு ஒட்டும் வகையாக மாறுகிறது. இதனால் விஷம் அடங்குமேயன்றி நிலத்தைவிட்டு நீங்காது. ஆதலால் அந்நிலங்களில் முள்ளங்கி போன்ற கிழங்குவகைகளையும் கீரைகளையும் பயிரிடாமல், சவுக்கு முதலிய மரங்களையோ பூச்செடிகளையோ வைப்பதே உத்தமம்.

கிராம அதிகாரிகள் தங்கள் எல்லையிலுள்ள கிணறுகளின் பரிசோதனை முடிவுகளைச் சர்வே நம்பர் வாரியாகக் குறித்துவைப்பாராயின், கேடு எத்திசையில் பரவுகிறதென்பது விளங்கும்; ஆலைக் கழிவைத் தடுக்க மேலதிகாரிகளிடம் முறையிடுகையில் அக்குறிப்பே தக்க சாட்சியுமாகும். மாசு வந்து சேரும் வழியை அடைக்காமல் எத்தனை எரு இட்டாலும், ஓட்டைப் பானையில் நீர் நிரப்பியது போலாம். வேர் தன்னாலியன்றவரை பயிரைக் காக்கிறது. எஞ்சிய காவல் நிலத்துக்குடையவரைச் சார்ந்தது.