வரைகலை இயக்கி இற்றைப்படுத்தல்

வரைகலை இயக்கி என்பது கணினியின் இயங்குதளத்திற்கும் வரைகலை அட்டைக்கும் இடையே நின்று, இயங்குதளம் இடும் ஆணைகளை அவ்வட்டை ஏற்கும் வடிவிற்கு மாற்றித் தரும் மென்பொருள் ஆகும். ஏற்கனவே நிறுவப்பட்டுள்ள இயக்கிக்கு மாற்றாக, அதே வன்பொருளுக்குரிய வேறொரு பதிப்பை நிறுவுதல் வரைகலை இயக்கி இற்றைப்படுத்தல் எனப்படுகிறது. தனி அட்டை பொருத்தப்பட்ட கணினிகளுக்கு மட்டுமன்றி, மையச் செயலியுடனேயே வரைகலைப் பகுதி ஒருங்கிணைக்கப்பட்ட கணினிகளுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் இத்தகைய ஒருங்கிணைந்த வரைகலையே பரவலாகக் காணப்படுகிறது.

செயற்பாடு

1366 × 768 பிரிதிறன் கொண்ட ஒரு மடிக்கணினித் திரையில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. இவை பொதுவாக நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. சாளரங்களை நகர்த்துதல், நிகழ்படத்தை விரித்தல், முப்பரிமாண உருவங்களை வரைதல் ஆகிய பணிகளை வரைகலைச் செயலி ஏற்றுக்கொள்வதால் மையச் செயலியின் சுமை குறைகிறது. எனினும் உரிய இயக்கி இருந்தால் மட்டுமே வரைகலைச் செயலி இப்பணிகளைச் செய்ய இயலும்.

உரிய இயக்கி இல்லாதபோது இயங்குதளம் தன்னிடமுள்ள பொது இயக்கியைக் கொண்டு திரையை இயக்குகிறது. விண்டோஸ் 7 இல் இது ஸ்டாண்டர்ட் விஜிஏ எனவும், விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் எனவும் பெயர் பெறும். பொது இயக்கியில் படம் தெரியும். ஆனால் முடுக்கம் இராது. எழுத்துகள் அகன்று தோன்றுவது, நிகழ்படம் விட்டுவிட்டு ஓடுவது, திரையின் ஒளிர்வை மாற்ற இயலாமை ஆகியன இதன் அறிகுறிகள். பழுதடைந்ததாகவோ மெதுவானதாகவோ கருதப்படும் கணினிகள் சிலவற்றில் உண்மையான குறை இதுவாகவே இருக்கும்.

வரைகலை இயக்கி இரு பகுதிகளால் ஆனது. ஒரு பகுதி இயங்குதளத்தின் கருவகத்தில் இயங்குகிறது. மற்றொரு பகுதி டைரக்ட்எக்ஸ், ஓப்பன்ஜிஎல் போன்ற இடைமுகங்கள் வழியாகப் பயன்பாட்டு மென்பொருள்களுடன் தொடர்பு கொள்கிறது. கருவகப் பகுதியில் நேரும் பிழை கணினி முழுவதையும் நிறுத்திவிடக்கூடும்.

வரலாறு

டாஸ் இயங்குதளக் காலத்தில் ஒவ்வொரு பெரிய மென்பொருளும் தனக்கு வேண்டிய திரை இயக்கிகளைத் தானே கொண்டிருந்தது. விண்டோஸ் பரவிய பின்னர் ஒரே இயக்கியை எல்லா மென்பொருள்களும் பகிர்ந்துகொள்ளும் முறை ஏற்பட்டது. 1996 இல் வெளிவந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டையும், 1999 இல் வெளிவந்த என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 அட்டையும் முப்பரிமாண வரைகலையைத் தனிக் கணினிகளுக்குப் பரவலாகக் கொண்டுவந்தன. 2006 இல் ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி வாங்கியது.

2007 சனவரியில் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட விண்டோஸ் விஸ்டா, இயக்கியின் பெரும்பகுதியைக் கருவகத்திற்கு வெளியே நகர்த்தியது. வரைகலைச் செயலி இரண்டு நொடிகளுக்கு மேல் பதிலளிக்காவிடில் இயக்கியை மட்டும் மீளத் தொடங்கும் வசதியும் இதில் சேர்க்கப்பட்டது. ஆயினும் புதிய அமைப்பிற்கு ஏற்ற இயக்கிகள் அப்போது முதிர்ச்சி அடைந்திருக்கவில்லை. விஸ்டா தொடர்பான ஒரு வழக்கில் 2008 இல் வெளியான மைக்ரோசாப்டின் உள் ஆவணங்களின்படி, 2007 இல் பதிவான விஸ்டா செயலிழப்புகளில் 28.8 விழுக்காடு என்விடியா இயக்கிகளால் நேர்ந்தவை.

புதிய பதிப்பு எப்போதும் சிறந்தது எனக் கொள்ள இயலாது. 2010 மார்ச்சில் என்விடியா தனது 196.75 பதிப்பைத் திரும்பப் பெற்றது. அப்பதிப்பை நிறுவிய சில கணினிகளில் அட்டையின் விசிறி வேகம் சரிவரக் கட்டுப்படுத்தப்படாமல் வெப்பம் மிகுந்ததே இதற்குக் காரணம்.

இற்றைப்படுத்த வேண்டிய சூழல்கள்

* இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய பின்னர் பொது இயக்கி மட்டுமே இயங்கும்போது
* குறிப்பிட்ட மென்பொருள் உயர்ந்த ஓப்பன்ஜிஎல் அல்லது டைரக்ட்எக்ஸ் பதிப்பைக் கோரும்போது
* நடப்பு இயக்கியில் பாதுகாப்புக் குறைபாடு அறிவிக்கப்படும்போது
* திரை நடுங்குதல், கணினி உறைதல் போன்ற சிக்கல்களுக்கு வெளியீட்டுக் குறிப்பில் தீர்வு கூறப்பட்டிருக்கும்போது

இவற்றுள் எதுவும் இல்லாமல் கணினி சீராக இயங்குமாயின் இற்றைப்படுத்தல் கட்டாயமன்று.

வழிமுறை

விண்டோஸ்

முதலில் வன்பொருளை அடையாளம் காணவேண்டும். டிவைஸ் மேனேஜர் பகுதியில் வரைகலை அட்டையின் பெயர் காணப்படும். பெயர் தெரியாவிடில் அதன் வன்பொருள் அடையாள எண்ணைப் பார்க்கலாம். அதில் தயாரிப்பாளர் எண் 8086 எனில் இன்டெல், 10டிஇ எனில் என்விடியா, 1002 எனில் ஏஎம்டி ஆகும்.

மடிக்கணினியாயின் முதலில் மடிக்கணினித் தயாரிப்பாளர் தரும் இயக்கியை நாடுதல் நன்று. ஒளிர்வுக் கட்டுப்பாடு, உறக்கநிலை ஆகியன அதில் அம்மாதிரிக்கெனச் சரிசெய்யப்பட்டிருக்கும். அது கிடைக்காவிடில் வரைகலைச் செயலித் தயாரிப்பாளரின் தளத்தை நாடலாம். விண்டோஸ் அப்டேட் வழியாகவும் இயக்கிகள் கிடைக்கின்றன. இயக்கியின் பதிப்பு, இயங்குதளத்தின் பதிப்புடனும் அது 32 பிட்டா 64 பிட்டா என்பதுடனும் பொருந்தவேண்டும்.

நிறுவுவதற்கு முன் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்குதல் வேண்டும். நிறுவும்போது திரை ஓரிரு முறை இருண்டு மீள்வது இயல்பானது. முடிந்த பின்னர்க் கணினியை மீளத் தொடங்கவேண்டும்.

எல்லா இயக்கிகளையும் தாமே இற்றைப்படுத்துவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களைத் தவிர்ப்பது நலம். பொருந்தாத இயக்கியை நிறுவுதல், தேவையற்ற மென்பொருள்களைச் சேர்த்து நிறுவுதல் ஆகியன இவற்றால் நேரக்கூடும்.

லினக்ஸ்

லினக்ஸில் இன்டெல், ஏஎம்டி ஆகியவற்றுக்கான இயக்கியின் கருவகப் பகுதி லினக்ஸ் கருவகத்துடனேயே வருகிறது. ஓப்பன்ஜிஎல் பகுதியை, 1993 இல் பிரையன் பால் தொடங்கிய மெசா என்னும் கட்டற்ற மென்பொருள் தருகிறது. எனவே வழங்கலை வழமைபோல் இற்றைப்படுத்தினாலே இயக்கியும் இற்றையாகிவிடும். என்விடியாவின் தனியுரிம இயக்கி இதற்கு விலக்காகும். ஒவ்வொரு புதிய கருவகத்திற்கும் ஏற்ப அதனை மீண்டும் தொகுக்கவேண்டும். இது தவறினால் கணினி வரைகலை இடைமுகமின்றிக் கட்டளை வரியில் நிற்கும்.

இடர்களும் மீட்பும்

தவறான இயக்கியால் திரை கருமையாகிவிட்டால் வன்பொருள் பழுதாகிவிட்டதாகக் கொள்ளத் தேவையில்லை. பாதுகாப்பு நிலையில் கணினியைத் தொடங்கினால் பொது இயக்கி மட்டுமே ஏற்றப்படும். அந்நிலையில் டிவைஸ் மேனேஜரில் உள்ள முந்தைய இயக்கிக்குத் திரும்பும் வசதியையோ, மீட்புப் புள்ளியையோ பயன்படுத்தலாம்.

இயக்கி இற்றைப்படுத்தலும் பயாஸ் இற்றைப்படுத்தலும் வேறானவை. முன்னதன் இடையே மின்சாரம் நின்றால் இயக்கியை மீண்டும் நிறுவிச் சரிசெய்யலாம். பின்னதன் இடையே மின்சாரம் நின்றால் கணினி தொடங்காமலே போகக்கூடும். மின்கலம் தேய்ந்த மடிக்கணினிகளில் இவ்வேறுபாடு முக்கியமானது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில்

பெரம்பலூர் மாவட்டம் 1995 நவம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதிலிருந்து அரியலூர் 2007 நவம்பர் 23 அன்று மீண்டும் தனி மாவட்டமானது. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டபோது, இம்மாவட்டங்களின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மற்றும் கல்லூரி மாணவர்களும் அதன் வரம்பிற்குள் வந்தனர். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த இக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் நிறுவப்பட்டிருந்தது.

இக்கணினிகளில் இயங்குதளம் மீண்டும் நிறுவப்படும்போது உரிய வரைகலை இயக்கி விடுபட்டுப்போவது உண்டு. ஒரே ஆண்டில் ஒரே மாதிரிக் கணினிகள் பெருமளவில் வழங்கப்பட்டதால், ஒருவர் தரவிறக்கிய இயக்கிக் கோப்பைப் பேனா வட்டில் எடுத்துச் சென்று அதே மாதிரி வைத்திருக்கும் பிற மாணவர்களும் பயன்படுத்தலாம். இணைய இணைப்பு குறைந்த ஊர்களில் இது பெரும் சேமிப்பாகும். எனினும் ஆண்டுக்கு ஆண்டு தயாரிப்பாளரும் மாதிரியும் மாறியதால், கணினியின் அடிப்பகுதியில் உள்ள மாதிரி எண்ணை முதலில் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

விண்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. பழைய கணினியைத் தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு இயக்கி கிடைக்குமா என்பதே முதன்மையான கேள்வியாகிறது. எடுத்துக்காட்டாக, 2011 இல் வெளிவந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை இன்டெல் செயலிகளின் வரைகலைப் பகுதிக்கு விண்டோஸ் இயக்கி ஓப்பன்ஜிஎல் 3.1 வரையே ஆதரவு தருகிறது. மெசாவோ அதே வன்பொருளுக்கு 3.3 வரை ஆதரவு தருகிறது. 2019 இல் வெளிவந்த பிளெண்டர் 2.80 என்னும் முப்பரிமாண மென்பொருள் 3.3 ஐக் கோரியது. ஆகவே விண்டோஸில் அதனைத் தொடங்க இயலாத ஒரு கணினி, லினக்ஸில் அதனை இயக்கவல்லது. நினைவகம் குறைவாயின் சிறிய கோப்புகளை மட்டுமே கையாள இயலும் என்றபோதிலும், கற்பதற்கு அது போதுமானது.

இவற்றையும் பார்க்க

* வரைகலைச் செயலி
* இயங்குதளம்
* பாஸ் லினக்ஸ்
* எல்காட்